பாடமாக்கிய கதைக்கு முதலிடம்

 

பதிவு நீளம்தான். அவசரத்தில் இருப்பவர்கள் லைக் போட்டுவிட்டுப் போகாமல் இரவுக்கு வந்து வாசியுங்கள். திட்ட நினைப்பவர்களும் கடைசிவரை வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

தமிழ்த் தினப் போட்டிக்காலம் வந்தால் எங்கள் பக்கத்தில் வருடாவருடம் ஒரு கூத்து நடக்கிறது. சிறுகதைக்குத் தெரிவான பிள்ளைக்கு யாரோ ஒருவர் இரண்டு கதைகளை எழுதிக் கொடுப்பார். சில இடத்தில் அது பயிற்றுவிக்கும் ஆசிரியர், சில இடத்தில் ரியூசன் சேர், சில இடத்தில் எழுத்தில் ஆசை உள்ள மாமா. ஒன்று யுத்தக் கதை, மற்றது வறுமைக் கதை. பிள்ளை இரண்டையும் கமா பிசகாமல் பாடமாக்கும். மண்டபத்தில் என்ன தலைப்பு வந்தாலும் நடுப்பகுதி அதேதான், முதல் பந்தியும் கடைசிப் பந்தியும்தான் மாறும். 'நம்பிக்கை' என்று வந்தால் கடைசி வரியில் சூரியன் உதிக்கும். 'மரம்' என்று வந்தால் உம்மா மவுத்தான இடத்தில் ஒரு வேம்பு முளைக்கும். கோட்டத்தில் முதலிடம், வலயத்தில் முதலிடம், மாகாணத்துக்குத் தெரிவு. காலைக்கூட்டத்தில் சான்றிதழ், முகநூலில் படம், கீழே நூற்றைம்பது 'மாஷா அல்லாஹ்'.

அதே பிள்ளையிடம் ஒரு மாதம் கழித்து, "மகள், உங்கட வீட்டுக் கிணத்தடியில நடந்த ஒண்டை ஒரு பக்கம் எழுதித் தாங்க" என்று கேட்டுப் பாருங்கள். பேனையைக் கடித்துக்கொண்டு இருக்கும். பதினாறு வயதில் அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டது ஒன்றுதான்: கதை என்பது வேறு ஆட்கள் எழுதித் தருவது.

போட்டி நடத்துபவர்களில் பிழை சொல்ல நாங்கள் வரவில்லை. மேசையில் இருக்கும் விடைத்தாளைப் பார்த்து அவர்கள் புள்ளி போடுகிறார்கள். பிள்ளையிலும் கோபம் இல்லை. எழுதிக் கொடுக்கிறவர்களில்தான் கோபம். அதைவிடக் கூடின கோபம், "கதை எழுதுறதைப் படிப்பிக்க ஏலாது, அது பிறப்பில வரோணும்" என்று சொல்லி அந்தக் களவுக்குக் காவல் நிற்கிறவர்களில்.

ஊரில் மரியாதையான ஒருவர் இதை எங்களிடம் நேரே சொன்னார். "எழுத்து அல்லாஹ் குடுக்கிற கொடை சேர். படிப்பிச்சு வாறதில்ல."

கொடைதான், யார் இல்லை என்றது? குரலும் கொடைதான். அதற்காக எந்த உஸ்தாதாவது, "இவனுக்கு நல்ல குரல் இருக்கு, தஜ்வீத் தேவையில்லை" என்று விட்டுவிடுகிறாரா? ஒரு எழுத்து தொண்டையின் எந்த இடத்திலிருந்து வரவேண்டும் என்று நூறு தரம் திருத்துவார். நூற்றியோராவது தரமும் பிழைத்தால் திரும்ப முதலில் இருந்து ஓதச் சொல்வார். ஹாபிழ் ஆகும் பிள்ளை எத்தனை வருடம் ஸுபஹுக்கு முன் எழும்பியிருக்கும் என்று அந்த வீட்டு உம்மாவுக்குத் தெரியும். மேசன் வேலையும் அப்படித்தான். முதல் ஒரு வருடம் கலவை குழைக்கவும் கல்லுக் கொடுக்கவும்தான் விடுவார்கள். தூக்குக்குண்டு பிடிக்கத் தெரியாதவனை நீங்கள் உங்கள் வீட்டுச் சுவரில் கைவைக்க விடமாட்டீர்கள். கதைக்கு மட்டும் எப்படி ஒரே நாளில் ஆள் வேண்டும் என்கிறீர்கள்?

இந்தக் கொடைக் கதையின் பெரியவர் பதிப்பு ஒன்றும் இருக்கிறது. புத்தக வெளியீடு. ஒருவர் பன்னிரண்டு கதை எழுதுவார். அச்சகத்துக்குப் போகுமுன் அதை வேறு ஒரு கண் வாசித்திருக்காது. மண்டபம், பிரதம அதிதி, பொன்னாடை, முதற்பிரதி. ஐந்து பேர் பேசுவார்கள். ஐந்து பேரும் அட்டையைப் பற்றியும் ஆசிரியரின் குணத்தைப் பற்றியும் பேசுவார்கள். மூன்றாவது கதையில் இரண்டாம் பக்கம் முழுவதும் தேவையில்லை என்றோ, வில்லனுக்கு ஒரு காரணமும் இல்லை என்றோ யாரும் சொல்வதில்லை. சொன்னால் பகை. மிச்சப் பிரதிகள் கட்டிலுக்குக் கீழே. பொன்னாடைக்கு நாங்கள் எதிரியில்லை. ஆனால் அந்தப் பொன்னாடைக்குச் செலவழிக்கும் காசில் கொஞ்சத்தைக் கொடுத்து யாராவது ஒருவரை சிவப்புப் பேனையோடு அந்தக் கையெழுத்துப் பிரதியை வாசிக்க வைத்திருந்தால் அந்த எழுத்தாளருக்கு எவ்வளவு நன்மை!

இரண்டாவது எதிர்ப்பு வேறு வகை. "கதை பொய். பொய்யை ஏன் எங்கட பிள்ளைகளுக்குப் பழக்குறீங்க?" இதைச் சொல்கிறவர்களுக்கு எங்கள் சமூகத்தின் சரித்திரமே தெரியவில்லை என்பதுதான் கவலை. தமிழில் முதல் நாவல் என்று சொல்லப்படும் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வந்தது. ஆறே வருடம் கழித்து, 1885இல், இந்த இலங்கையில் இருந்து அசன்பேயுடைய கதை வந்தது. எழுதியவர் கண்டியைச் சேர்ந்த அறிஞர் எம்.சி. சித்தி லெவ்வை. எகிப்திலும் இந்தியாவிலும் நடக்கிற கதை. ராஜமையரின் கமலாம்பாள் சரித்திரம் அப்போது வந்திருக்கவில்லை. சித்தி லெவ்வை வேலையில்லாமல் இருந்து நாவல் எழுதியவரும் இல்லை. சட்டத்தரணி, 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை நடத்தியவர், எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று அலைந்தவர். மார்க்கத்தில் எங்களைவிட அக்கறை குறைந்தவர் என்று அவரைச் சொல்ல யாருக்கும் வாய் வராது. சமூகத்தைத் திருத்த நினைத்த அந்த மனிதர் பத்திரிகையோடும் பாடசாலையோடும் நாவலையும் ஏன் கையில் எடுத்தார் என்று ஒருதரம் யோசியுங்கள். நூற்று நாற்பது வருடத்துக்கு முன்னால் அவருக்கு விளங்கிய ஒன்று எங்களுக்கு இன்னும் விளங்கவில்லை.

சூரா யூஸுபை ஓதுகிறவர்களுக்கு இன்னொன்று. அது வஹீ. அதைக் கதைப் பாடமாக்க நாங்கள் வரவில்லை. ஆனால் அதில் ஒரு சட்டை மூன்று இடத்தில் வருவதைக் கவனித்திருப்பீர்கள். சகோதரர்கள் பொய் இரத்தம் பூசி வாப்பாவிடம் கொண்டுவரும் சட்டை. பின்புறம் கிழிந்ததால் யூஸுப் நபியின் குற்றமின்மையைக் காட்டும் சட்டை. கடைசியில் தகப்பனின் முகத்தில் போட்டதும் பார்வை திரும்பும் சட்டை. ஒரு துணி மூன்று தடவை வந்து, ஒவ்வொரு தடவையும் வேறொன்றைச் சொல்லிவிட்டுப் போகிறது. இதைக் கேட்டு வளர்ந்த சமூகம் கதையைப் பொய் என்று ஒதுக்குவது எங்களுக்கு விளங்கவே இல்லை.

"ஏ.எல். சயன்ஸ் செய்யிற பிள்ளையைக் குழப்பாதீங்க" என்கிற பெற்றோருக்குப் பெரிதாகப் பதில் இல்லை. கிழமைக்கு ஒரு மணித்தியாலம். போனில் அதைவிடக் கூடப் போகிறது.

"வன்னியில கதை எழுத ஆரிருக்கினம்?" என்று கேட்பவர்களும் உண்டு. எங்கள் தண்ணீரூற்று மண்ணில் பிறந்தவர் அ. பாலமனோகரன். அவருடைய நிலக்கிளி 1973இல் வீரகேசரி பிரசுரமாக வந்து சாகித்தியப் பரிசும் பெற்றது. தண்ணிமுறிப்புக் குளத்தையும் காட்டையும் பதஞ்சலி என்ற பெண்ணையும் வைத்து அவர் எழுதியதை இன்றும் வாசித்தால் காட்டின் வாசம் மூக்கில் ஏறும். முள்ளியவளையில் முல்லைமணி இருந்தார், பண்டாரவன்னியனை மேடையேற்றினார். பரந்தன் குமரபுரத்தில் வயலோடு வாழ்ந்துகொண்டு தாமரைச்செல்வி எழுபதுகளில் இருந்து எழுதினார். காடு வெட்டிக் கிளிநொச்சியில் குடியேறியவர்களின் பாடு பச்சை வயல் கனவு என்ற நாவலாக வந்தது. எங்கள் ஆட்களில் முல்லை முஸ்ரிபா கவிதையில் எங்கள் இழப்பைச் சொன்னார். இவர்களில் யாரையும் எங்கள் பத்தாம் வகுப்பில் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. நாங்கள் கேட்டோம். ஒரு கை எழும்பவில்லை. தண்ணீரூற்றில் இருந்தே வருகிற பிள்ளைகள்!

இனி உண்மையான விசயத்துக்கு வருவோம். இவ்வளவு கத்துவதற்கு ஒரு போட்டிச் சான்றிதழ் காரணமில்லை.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர் என்று சொல்கிறார்கள். அன்று முப்பது வயதில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தவர்களுக்கு இன்று அறுபத்தைந்து. ஜனாஸா அறிவித்தல்களை நீங்களும் நாங்களும் இந்த முகநூலில்தான் பார்க்கிறோம். ஒவ்வொரு ஜனாஸாவோடும் ஒரு வீட்டுக் கதை போகிறது. அடுத்த பக்கத்தில் 2009. அந்த மாதங்களில் முள்ளிவாய்க்காலில் இருந்து வந்தவர்களும் எங்கள் பக்கத்து வளவில்தான் இருக்கிறார்கள். இந்த இரண்டு கதையையும் எழுதப்போவது இப்போது பத்தாம் பதினோராம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளுக்குத்தான் நாங்கள் பாடமாக்கிய கதையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரு பையன் 1990 பற்றி எழுதிக்கொண்டு வந்தான். முதல் வரைவில் 'கண்ணீர் ஆறாக ஓடியது', 'இதயம் சுக்குநூறாகியது', 'கொடிய அரக்கர்கள்'. எல்லாம் எங்கோ வாசித்த சொல். உம்மா பிள்ளையோடு 'மகனே, புறப்படுவாயாக' என்கிற மாதிரிக் கதைக்கிறார். தண்ணீரூற்றில் எந்த உம்மா அப்படிக் கதைத்தவர்? நாங்கள் அவனிடம் ஒன்றே ஒன்று சொன்னோம்: "மூத்தம்மாட்டப் போய், வெளிக்கிடேக்க கையில என்ன எடுத்தீங்க எண்டு மட்டும் கேளுங்க. வேற ஒண்டும் கேட்க வேணாம்."

அடுத்த கிழமை வந்தான். மூத்தம்மா எடுத்தது லாம்புச் சிமிலி. லாம்பை விட்டுவிட்டு, சிமிலியை மட்டும் சாரத்தில் சுற்றி எடுத்திருக்கிறார். ஏன் என்று அவருக்கே தெரியாது. உடையக்கூடிய சாமான், முதல் நாள்தான் வாங்கியது, கை அதில் போயிருக்கிறது. அது புத்தளம் வரைக்கும் உடையாமல் போய்ச் சேர்ந்தது. முகாமில் அதற்கு லாம்பு இல்லை.

கண்ணீர் ஆறாக ஓடவேண்டிய தேவை அதற்குப் பிறகு அந்தக் கதையில் இருக்கவில்லை. இதைத்தான் படிப்பிக்க ஏலாது என்கிறீர்கள். இது ஒரு கேள்வி கேட்கப் பழக்குவது மட்டும்தான்.

ஆனால் அவன் ஒன்றை மறைத்திருந்தான், கதைத்துக்கொண்டு இருக்கையில் வாயில் வந்துவிட்டது. மூத்தம்மா கோழிகளைப் பக்கத்து வீட்டுத் தமிழ் அக்காவிடம் கொடுத்துவிட்டுத்தான் வெளிக்கிட்டிருக்கிறார். அந்த அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றாராம். "இதை ஏன் மகன் எழுதல்ல?" என்று கேட்டோம். "அவங்களை நல்லவங்களாக் காட்டினா எங்கட கதைக்குப் பலம் இல்லாமப் போயிடும் சேர்" என்றான்.

பதினாறு வயதுப் பிள்ளை. அவனுக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தது என்று நாங்கள் கேட்கவில்லை. மேடைகளில் பேசுகிற எல்லோரும்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

இதே மாதிரி, தமிழ்ப் பாடசாலையில் படிப்பிக்கும் நண்பர் ஒருவர் தன் மாணவியின் கதையைக் கொண்டுவந்து காட்டினார். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் நடக்கிற கதை. அதில் ஒரே ஒரு முஸ்லிம் வருகிறார். சாமான் விற்கிற முதலாளி, நிறையில் அடிக்கிறவர், பேரும் இல்லை. நண்பர் மாணவியை வீட்டுக்கு அனுப்பி அம்மாவிடம் கேட்க வைத்தார். அம்மா சொன்னது: "நிறையிலும் அடிக்கிறவர்தான். பால்மாவுக்குக் காசில்லாத நேரம் கொப்பியில எழுதிப்போட்டுத் தந்தவரும் அவர்தான்." இரண்டும் ஒரே ஆள். பிள்ளை முதலில் ஒன்றை மட்டும் எழுதியிருந்தது. இப்போது இரண்டையும் எழுதியிருக்கிறது, கதை முன்னரைவிடக் கசப்பாக இருக்கிறது, ஆனால் அந்த முதலாளி நடமாடுகிறார்.

சிலருக்கு இது சமரசப் பேச்சு மாதிரித் தெரியும். இல்லை. யார் யாரை வெளியேற்றினார்கள் என்பதில் ஒரு எழுத்தும் மாறத் தேவையில்லை. திரும்பி வந்தவர்களுக்குக் காணி கொடுப்பதில் நடக்கும் இழுபறியில் நாங்கள் ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. அதற்கு மனு இருக்கிறது, வழக்கு இருக்கிறது. கதை மனு இல்லை. வேலியில் நின்ற அக்காவை வெட்டி எடுத்தால் மூத்தம்மாவின் கதை அரைவாசிதான். ஏனென்றால் அன்று அவருக்கு நடந்ததில் அந்த மௌனமும் ஒன்று. அது அன்பா, பயமா, வெட்கமா என்று அவருக்கு முப்பத்தைந்து வருடமாகத் தெரியவில்லை. அந்தத் தெரியாமையை எழுதத்தான் பயிற்சி வேண்டும்.

டால்ஸ்டாய் ஒரு ரஷ்யர். இளம் வயதில் காக்கேசியாவில் ரஷ்யப் படையில் இருந்தவர். அந்தப் படை எந்த முஸ்லிம்களின் ஊர்களை எரித்ததோ, அந்த ஊர்களின் ஒரு வீரனைப் பற்றி அவர் கிழவனான பிறகு எழுதினார். ஹாஜி முராத். 1896இல் தொடங்கி 1904 வரை திரும்பத் திரும்ப மாற்றி எழுதினார். அச்சில் வந்தது அவர் இறந்த பிறகு, 1912இல். அதில் ஒரு சின்ன அத்தியாயம் உண்டு. படை போனபின் ஒரு செச்சென் கிராமத்துக்கு ஆட்கள் திரும்பி வருகிறார்கள். தேனீக் கூடுகள் எரிந்து கிடக்கின்றன. தண்ணீர் எடுக்கும் ஊற்று அசுத்தமாக்கப்பட்டிருக்கிறது, பள்ளிவாசலும் அப்படியே. ஒரு வீட்டில் மகனின் மையித்து. எங்கள் ஊருக்குத் திரும்பி வந்து கிணற்றை எட்டிப் பார்த்த ஒவ்வொருவருக்கும், அது தமிழராக இருந்தாலும் முஸ்லிமாக இருந்தாலும், அந்தப் பக்கங்கள் விளங்கும். எரித்த படையில் இருந்த ஒருவருக்கு எரிந்த வீட்டுக்குள் இருந்து அதைப் பார்க்க முடிந்திருக்கிறது. உலகப் புகழ் பெற்ற மனிதருக்கே அது ஒரே இருப்பில் வரவில்லை, வருடக்கணக்கில் திருத்தினார். எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு மணித்தியாலத்தில், பாடமாக்கியதில் இருந்து வந்துவிடும் என்று நம்புகிறோம்.

பேச்சுமொழி பற்றியும் ஒரு சொல். பிள்ளை 'வாப்பா', 'உம்மா', 'ராத்தா' என்று எழுதினால் 'தந்தை', 'தாய்', 'தமக்கை' என்று சிவப்பில் திருத்துகிற ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1960களில் டானியல், டொமினிக் ஜீவா போன்றவர்கள் சனங்களின் பேச்சை எழுதியபோது அதை 'இழிசனர்' எழுத்து என்று பண்டிதர்கள் பரிகசித்தார்கள். அந்தச் சண்டை முடிந்து அறுபது வருடம். ஜீவா யாழ்ப்பாணத்தில் சலூன் வைத்திருந்தவர். அங்கிருந்துதான் மல்லிகையை நடத்தினார். தெற்கில் இருந்து திக்குவல்லை கமால் தன் ஊர் முஸ்லிம்களின் பேச்சை அப்படியே கதைக்குள் கொண்டுவந்தார். தோப்பில் முஹம்மது மீரான் மலையாளத்தில் படித்தவர், தமிழ் ஆசிரியர்கள் மெச்சும் தமிழ் அவரிடம் இருக்கவில்லை. தேங்காய்ப்பட்டணத்தின் பேச்சு இருந்தது. அதைக் கொண்டு 1997இல் சாகித்திய அகாதெமி விருது வரைக்கும் போனார். சிவப்புப் பேனைக்காரர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். எழுத்துப்பிழையைத் திருத்துங்கள். உம்மாவைத் திருத்தாதீர்கள்.

அதிபர்மாரிடம் கேட்பது பெரிய விசயம் இல்லை. போட்டிக்குப் பிள்ளையைத் தெரிவு செய்யுமுன், அந்தப் பிள்ளை வருடத்தில் எழுதிய மூன்று கதையின் எல்லா வரைவுகளையும் கொப்பியோடு கேளுங்கள். வெட்டும் கீறலும் இல்லாத கொப்பியை அனுப்பாதீர்கள். இரண்டாம் இடம் வந்தாலும் பரவாயில்லை, இடமே வராவிட்டாலும் பரவாயில்லை. பள்ளிவாசல் நிர்வாகங்களிடம் கேட்பது அதைவிடச் சிறியது: நூலக அலுமாரியில் ஒரு தட்டைக் கதைப் புத்தகங்களுக்கு விடுங்கள். வாங்கக் காசில்லை என்றால், ஈழத்து நூல்களும் பழைய மல்லிகை இதழ்களும் நூலகம் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. போனில் இறக்கலாம்.

சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு எங்கள் வீட்டு விறாந்தையில் நாங்கள் இருப்போம். தமிழ்ப் பாடசாலை நண்பரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆண் பிள்ளைகள், பெண் பிள்ளைகள் இருவரும் வரலாம், பெண் பிள்ளைகளோடு உம்மாவோ ராத்தாவோ வந்தால் இன்னும் நல்லது, அவர்களுக்கும் கொப்பி தருவோம். சான்றிதழ் இல்லை. பிளேன்ரீ இருக்கும். ஒரு நிபந்தனை: வரும்போது வீட்டில் உள்ள வயதானவர் ஒருவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வரவேண்டும், பதிலை அவர் சொன்ன அதே சொல்லில் எழுதிக்கொண்டு வரவேண்டும். எங்களிடம் உள்ள நிலக்கிளி பழைய பிரதி, அட்டை கழன்றுவிட்டது. இரவல் தருவோம். போன முறை கொண்டுபோனவர் இன்னும் திருப்பித் தரவில்லை, இந்தப் பதிவைப் பார்த்தால் கொண்டுவந்து தாருங்கள்.